கூடுதல் வாரண்டி வாங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்களுக்கு மன்னார்குடிக்கு அருகில் ஒரு கிராமம். பெற்றோர், நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள் என ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்காக, ஏழு பேர் அமரக்கூடிய டீசல் எஸ்.யூ.வி. ஒன்றை ஆட்டோமேட்டிக் கியர் வகையில் பதிவு செய்திருக்கிறோம். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும். எட்டு ஆண்டுகளாவது வைத்திருக்க எண்ணம். நிறுவனம் 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி தருகிறது. நான்காம், ஐந்தாம் ஆண்டுகளுக்கான கூடுதல் வாரண்டிக்கு ஷோரூமில் 32,000 ரூபாய் கேட்கிறார்கள். அதைக் கடனிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்றும், டெலிவரி அன்றே முடிவு சொல்ல வேண்டும் என்றும் சொல்கிறார்கள். என் தம்பியோ அது வீண் செலவு என்கிறார். என்ன செய்யலாம்?
வாசகர், மன்னார்குடி வட்டம்

பதில்: உங்கள் வண்டிக்கு, நீங்கள் சொல்லும் பயன்பாட்டுக்கு, வாங்குவதே நல்லது. ஆனால் டெலிவரி அன்றே வாங்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இருக்காது. கடனில் சேர்க்கவே வேண்டாம். 32,000 ரூபாயை ஒன்பது சதவீத வட்டியில் ஏழு ஆண்டுக் கடனோடு சேர்த்தால் மாதத் தவணை 515 ரூபாய் அளவுக்குத்தான் கூடும் என்பதால் அது பெரிதாகத் தெரியாது. 84 தவணைகளும் முடியும்போது அந்த 32,000 ரூபாய்க்காக நீங்கள் கட்டியிருப்பது 43,000 ரூபாய்க்கும் மேல். நான்காம் ஆண்டில்தான் தொடங்கப்போகும் ஒரு பாதுகாப்புக்கு முதல் மாதத்திலிருந்தே வட்டி கட்டுவானேன்?

வாங்கலாம் என்று சொல்வதற்குக் காரணம் உங்கள் வண்டியில் இருக்கும் பாகங்கள். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்த பிறகு, டீசல் வண்டி என்பது பழைய ஜீப்பைப் போல ஊர் மெக்கானிக் ஸ்பானரை வைத்தே சரிசெய்துவிடும் வண்டியாக இல்லை. டர்போ, உயர் அழுத்த இன்ஜெக்டர்கள், புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி, அவற்றைக் கண்காணிக்கும் சென்சார்கள், இவற்றோடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பெரிய தொடுதிரை, கேமராக்கள் என்று விலையுயர்ந்த பாகங்கள் பல சேர்ந்துவிட்டன. இவற்றில் பல பழுது பார்த்து ஓட்டக்கூடியவை அல்ல. முழுதாக மாற்ற வேண்டியவை. கியர்பாக்ஸையே மாற்ற நேர்ந்தால் செலவு லட்சக்கணக்கில் போகும். எட்டு ஆண்டு வைத்திருக்கப்போகும் ஒரு குடும்பம், அப்படியொரு பில் வராமல் இருக்க ஆண்டுக்கு 16,000 ரூபாய் கட்டுவதை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்து ஆண்டில் 75,000 கிலோமீட்டர்தான் ஓடும் என்பதால் கிலோமீட்டர் வரம்பும் உங்களுக்குத் தடையாக வராது. ஆண்டுக்கு 30,000 ஓட்டுபவருக்கு நிலைமை வேறு. ஐந்தாண்டு வாரண்டியின் வரம்பு 1,20,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அவருக்கு அது நான்கு ஆண்டிலேயே தீர்ந்துவிடும். ஐந்தாம் ஆண்டுக்கென்று கட்டிய பணத்துக்குப் பயன் இருக்காது.

ஆனால் வாரண்டி என்பது பொருளிலோ தயாரிப்பிலோ உள்ள குறைக்குத்தான் பொறுப்பேற்கும், நாம் ஓட்டும் விதத்துக்குப் பொறுப்பேற்காது என்பதை மனத்தில் நிறுத்துங்கள். உங்கள் ஊர்ப் பயன்பாட்டில் இது இரண்டு இடங்களில் சிக்கலாகும். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட மூன்று கிலோமீட்டர், மாலையில் கடைத்தெருவுக்கு இரண்டு கிலோமீட்டர் என்றே ஓடும் டீசல் வண்டியில் டி.பி.எஃப். வடிகட்டி சூடேறித் தன்னிலுள்ள கரியை எரித்துக்கொள்ள வாய்ப்பே கிடைக்காது. கரி அடைத்துக்கொண்டால் அது பயன்பாட்டால் வந்தது என்று க்ளெய்மை, அதாவது வாரண்டிக் கோரிக்கையை, மறுக்க நிறுவனத்துக்கு இடம் இருக்கிறது. வாரம் ஒரு முறையாவது தஞ்சாவூர்ச் சாலையில் அரை மணி நேரம் ஒரே சீரான வேகத்தில் ஓட்டுங்கள். டி.பி.எஃப். விளக்கு எரிந்தால் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காதீர்கள்.

இரண்டாவது, யூரியா. சில டீசல் எஸ்.யூ.வி.களில் புகையைச் சுத்தப்படுத்த டி.இ.எஃப். என்னும் கரைசலுக்குத் தனித் தொட்டி இருக்கும். அது 32.5 சதவீதம் தூய யூரியாவும் மீதி தாது நீக்கிய தண்ணீரும் கலந்தது. வீட்டில் மூட்டை மூட்டையாக யூரியா அடுக்கியிருக்கும் நம் பகுதியில், அதைக் கரைத்து ஊற்றினால் போதாதா என்று ஒருவருக்குத் தோன்றுவது இயல்பு. தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள். வயலுக்குப் போடும் யூரியா முழுவதும் 2015 முதல் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அந்த எண்ணெயும் அதிலுள்ள மற்ற மாசுகளும் பீய்ச்சும் முனையை அடைத்து, உள்ளிருக்கும் வினையூக்கியையும் கெடுத்துவிடும். அப்படிக் கெட்ட பாகத்துக்கு எந்த வாரண்டியும் வராது. உங்கள் மாடலில் அந்தத் தொட்டி உண்டா என்று டெலிவரியின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உண்டு என்றால் டி.இ.எஃப். வாங்கும் பில்களையும் பத்திரப்படுத்துங்கள்.

கிளட்ச் தட்டு, பிரேக் பேட், டயர், வைப்பர், பல்பு, பில்டர், ஆயில், ரப்பர் புஷ் முதலிய தேய்மானப் பொருள்கள் கூடுதல் வாரண்டியில் சேரா. பள்ளம் மேட்டில் அடிபட்டுப் போகும் சஸ்பென்ஷன் பாகங்களும் அனேகமாக அப்படித்தான்.

உங்கள் தம்பி சொல்வது வேறு சிலருக்குச் சரியான அறிவுரை. பெட்ரோல், மேனுவல் கியர், நான்காம் ஆண்டில் விற்றுவிட்டு வேறு வண்டி வாங்கும் பழக்கம் என்று இருப்பவர் அந்தப் பணத்தை வங்கியில் போட்டு வைக்கலாம். சொந்தப் பதிவு வண்டியை வேளாங்கண்ணி, திருநள்ளாறு, நவக்கிரகக் கோயில்கள் என்று வாடகைக்கு அனுப்புபவர்களும் வாங்க வேண்டாம். வாடகைக்கு ஓடியது தெரிந்தால் வாரண்டி மறுக்கப்படும் என்பதோடு, விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்கும் அதே கதி நேரும்.

இனி, எப்போது வாங்குவது என்பது. பல நிறுவனங்கள் முதல் வாரண்டி முடிவதற்குள் கூடுதல் வாரண்டியை எடுத்துக்கொள்ள அனுமதிக்கின்றன. தாமதிக்கத் தாமதிக்கக் கட்டணம் கூடும். சில நிறுவனங்கள் வண்டியைச் சோதித்த பிறகே தரும். ஆகவே, இன்று எடுத்தால் எவ்வளவு, ஓராண்டு கழித்து எவ்வளவு, இரண்டாம் ஆண்டு முடிவில் எவ்வளவு என்று ஷோரூமில் எழுத்தில் கேளுங்கள். வித்தியாசம் சில ஆயிரம்தான் என்றால் காத்திருங்கள். ஓட்டிப் பார்த்து, வண்டி குடும்பத்துக்குப் பிடித்திருக்கிறதா, இதையேதான் எட்டு ஆண்டு வைத்திருப்போமா என்று தெரிந்த பிறகு கட்டுவது மேல். எழுதித் தர மறுக்கும் ஷோரூமில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் நீங்களே கேட்டுவிடலாம்.

பணம் கட்டும் முன் வாரண்டிப் பத்திரத்தை யார் தருகிறார்கள் என்று பாருங்கள். வண்டியைத் தயாரித்த நிறுவனமே தரும் கூடுதல் வாரண்டி ஒன்று. டீலர் வேறொரு நிறுவனத்தின் பெயரில் விற்பது மற்றொன்று. இரண்டாவது வகையில் ஒவ்வொரு க்ளெய்முக்கும் உச்சவரம்பு, பாகத்தின் வயதுக்கேற்ற தேய்மானக் கழிவு, முன் அனுமதி என்று நிபந்தனைகள் கூடுதலாக இருக்கக்கூடும். சென்னைக்குப் போகிற வழியில் விழுப்புரத்தில் வண்டி நின்றாலும், அங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் இந்தப் பத்திரம் செல்லுமா என்று கேளுங்கள். உங்களிடம் கேட்ட 32,000 ரூபாயில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். அடங்கவில்லை என்றால் இன்னும் 5,760 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: மழைக்காலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். எலித் தொல்லையும் அதிகம். கூடுதல் வாரண்டி எடுத்தால் இவற்றுக்கும் பாதுகாப்பு உண்டா?
வாசகி, நாகப்பட்டினம்

பதில்: இல்லை அம்மா. இதைத் தெளிவாகச் சொல்ல வாய்ப்புத் தந்ததற்கு நன்றி, ஏனெனில் டெல்டாவில் வண்டிகளுக்கு நேரும் பெருஞ்சேதங்களில் பல வாரண்டிக்கு வெளியேதான் நிற்கின்றன. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பகுதியில் கஜா புயல் கரை கடந்தது நினைவிருக்கும். மரம் விழுந்து நொறுங்கினாலும், வெள்ளத்தில் மூழ்கினாலும், உப்புக்காற்றில் துருப்பிடித்தாலும் அவை தயாரிப்புக் குறை ஆகா. வெள்ளத்துக்கும் புயலுக்கும் காப்பீடுதான் வழி; துருவுக்கு அதுவும் இல்லை, அடிப்பாகத்தை அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவுவதுதான் வழி.

காப்பீட்டிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, உள்ளே புகுந்த தண்ணீரால் என்ஜின் உடைந்தால், அதைத் தொடர் சேதம் என்று சொல்லி முழுக் காப்பீட்டிலும் மறுப்பார்கள். என்ஜின் பாதுகாப்பு என்னும் கூடுதல் பிரிவை எடுத்திருந்தால்தான் அது கிடைக்கும். அந்தப் பிரிவை எடுத்திருந்தாலும், மூழ்கிய வண்டியின் சாவியைத் தொடாமல் டோ செய்து எடுத்துப் போவதே முறை. நாகப்பட்டினத்தில் இருக்கும் நீங்கள் கூடுதல் வாரண்டி, என்ஜின் பாதுகாப்பு ஆகிய இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் ஒதுக்க முடியும் என்றால், தயங்காமல் இரண்டாவதை எடுங்கள். புதுப்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும் அது பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள்; வண்டிக்கு வயதாக ஆக அதைத் தர நிறுவனங்கள் தயங்கும்.

எலி கடித்த ஒயரும் வாரண்டியில் வராது. சம்பா அறுவடை முடிந்து வயல் காலியாகும் தை, மாசி மாதங்களில், வாரம் இரு முறை பானெட்டைத் திறந்து பாருங்கள். உளுந்தையும் எள்ளையும் சாலையில் பரப்பிப் போரடிக்கும் பருவத்தில் இன்னொரு கவனமும் வேண்டும். அந்தச் செடிகளின் மேல் ஓட்டிப் போனால் அவற்றின் தண்டு, அதாவது தாள், வண்டியின் அடியில் சுற்றிக்கொள்ளும். டி.பி.எஃப். தன் கரியை எரிக்கும் நேரத்தில் உள்ளே வெப்பம் 600 டிகிரி செல்சியஸ் வரை போகும் என்பதால், காய்ந்த தாள் அங்கே தங்குவது தீ விபத்துக்கு இடம் கொடுப்பது. சற்றுத் தள்ளி நிறுத்தி, குனிந்து பார்த்து, கையில் சுடாதபடி ஒரு குச்சியால் இழுத்துப் போட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

கேள்வி: நான்கு ஆண்டு ஓடிய எஸ்.யூ.வி. ஒன்றை வாங்கப் போகிறேன். இன்னும் ஓராண்டு கூடுதல் வாரண்டி இருக்கிறது என்று சொல்லி விற்பவர் 40,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?
வாசகர், பாபநாசம்

பதில்: அந்த வாரண்டி உங்கள் பெயருக்கு மாறும் என்று உறுதியான பிறகு பேரம் பேசுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறினால் வாரண்டியும் தானாக மாறிவிடும் என்று எண்ணாதீர்கள். சில நிறுவனங்கள் தனி விண்ணப்பமும் கட்டணமும் கேட்கும். சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குச் சென்று, எல்லா சர்வீஸும் உரிய காலத்தில் நடந்திருக்கிறதா, கிலோமீட்டர் வரம்பு இன்னும் எவ்வளவு மீதி என்று கேளுங்கள். ஒரு சர்வீஸ் தவறியிருந்தாலும் அந்தப் பத்திரத்தை நம்பிப் பணம் தராதீர்கள். எல்லாம் சரியாக இருந்தாலும், ஓராண்டுக்கு 40,000 என்பது என் கணக்கில் மிகை. அதில் பாதி கொடுக்கலாம்.

கேள்வி: கூடுதல் வாரண்டி இருந்தும், ஒரு முறை வெளியில் ஆயில் மாற்றினேன் என்பதற்காக ஏ.சி. கம்ப்ரசர் க்ளெய்மை மறுத்துவிட்டார்கள். இது நியாயமா?
வாசகர், திருவாரூர்

பதில்: நீங்கள் எழுதியிருப்பது மட்டுமே காரணம் என்றால் நியாயமில்லை. என்ஜின் ஆயிலுக்கும் ஏ.சி. கம்ப்ரசருக்கும் தொடர்பு இல்லை. வெளியில் பழுது பார்த்தார் என்ற ஒன்றுக்காக முழு வாரண்டியையும் ரத்து செய்யக்கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்கள் மீதான வழக்கில் உத்தரவிட்டது. அந்த உத்தரவு மேல்முறையீடுகளுக்குப் போனது என்பதால் அதை மட்டுமே நம்பி நிற்காதீர்கள். உங்கள் பத்திரத்தில் சர்வீஸ் பற்றிய நிபந்தனை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் படியுங்கள்.

அடுத்து, மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்ன மறுப்பை நாளை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் எழுதும் ஜாப் கார்டில் தேதியும் கிலோமீட்டரும் உங்கள் புகாரும் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். “ஏ.சி. செக்கப்” என்று மட்டும் எழுதியிருந்தால், “குளிர்ச்சி இல்லை, கம்ப்ரசரில் சத்தம்” என்று திருத்தி எழுதச் சொல்லிக் கையெழுத்திடுங்கள். வாரண்டி முடியும் தறுவாயில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முடிவதற்கு முன்பே பதிவான புகாரை, முடிந்த பிறகு வந்தது என்று தள்ள முடியாது.

பிறகு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியுங்கள். அதுவும் பலிக்காவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் திருவாரூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகள் மாவட்ட ஆணையத்துக்கு உரியவை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடவும் சட்டம் அனுமதிக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்பதால், கம்ப்ரசரை இப்போது உங்கள் செலவிலேயே மாற்றிக்கொண்டாலும் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி, பில்லோடு சேர்த்து வைத்திருங்கள்.