ஒரு மாரி கழியட்டும்

வணக்கம் ஐயா,

நான் உப்புவெளியில் இருக்கிறேன். வயது 36. திருகோணமலை நகரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. நாற்பது பேர் வேலை செய்கிற இடம். நான் சேர்ந்து நாலு வருசமும் மூன்று மாதமும் ஆகிறது. சம்பளம் 78,000 ரூபா.

பங்குனியில் இருந்து அம்மாவும் மனைவியும் வீட்டில் கறித்தூளுக்குச் சாமான் வறுத்துத் தருகிறார்கள். மில்லில் இடித்து, பையில் அடைத்து, கந்தோரிலும் சொந்தக்காரரிடமும் விற்கிறேன். நிலாவெளியில் ஒரு விடுதி மாதம் 15 கிலோ எடுக்கிறது. எல்லாமாக மாதம் 45 கிலோ போகிறது. கிலோ 2,200 ரூபா. சாமான், மில் கூலி, பை எல்லாம் போக 700 ரூபா மிஞ்சும். ஓடர்கள் பகலில் வாட்ஸ்அப்பில் வருவதால் கந்தோரில் இருந்தே பதில் போடுகிறேன். மேலாளருக்கு இன்னும் சொல்லவில்லை.

மனைவியின் நகையை அடகு வைத்து அரைக்கும் இயந்திரம் ஒன்று வாங்கி, வேலையை விட்டு முழுநேரமாக இறங்கலாம் என்று யோசிக்கிறேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைக்காதே என்கிறார் மாமா. அம்மாவுக்கு மட்டும் மிளகாய் நெடியில் இரவில் இருமல். மற்றபடி நன்றாகப் போகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

ஆவணி வெயிலில் எழுதிய கடிதம் என்பது படிக்கும்போதே தெரிகிறது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நம்முடைய ஊரில் எல்லாத் தொழிலும் நன்றாகத்தான் இருக்கும். நிலாவெளியில் அறை கிடைக்காது, முற்றத்தில் விரித்த மல்லி ஒரே நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். நீங்கள் தொடங்கியது பங்குனியில். இன்னும் ஒரு மாரியைக்கூட இந்தத் தொழில் பார்க்கவில்லை. என் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

என் கதையைச் சொன்னால் விளங்கும். 2013 இல் நானும் ஒரு கந்தோரில் இருந்துகொண்டே எட்டுப் பழைய சைக்கிள்களை வாங்கித் திருத்தி, உப்புவெளியில் தங்க வரும் வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விட்டேன். வைகாசி முதல் புரட்டாதி வரை கையில் காசு புரண்டது. அந்த ஐந்து மாதக் கணக்கைப் பன்னிரண்டு மாதத்துக்கும் விரித்துப் பார்த்து, வேலையை விடுகிற கடிதத்தையும் எழுதி மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். கந்தோரில் மூத்தவர் ஒருவர், "மார்கழியில் எத்தனை பேர் தம்பி சைக்கிள் கேட்பார்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த மார்கழியில் எட்டு சைக்கிளும் தாழ்வாரத்தில் நின்றன. உப்புக்காற்றும் மழையும் சேர்ந்து சங்கிலி எல்லாம் சிவந்து இறுகி, பெடலை மிதித்தால் சுற்றவில்லை. அடுத்த சீசனுக்கு முன்பு திருத்தவே முதல் சீசன் லாபத்தில் பாதி போயிற்று. பிறகு 2019 ஏப்ரல் 21 வந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு கடற்கரையில் ஆள் இல்லை. அதற்கு அடுத்த வருசம் கொரோனா. அந்த இரண்டு வருசமும் எங்கள் வீட்டு உலையில் அரிசி விழுந்தது அந்தக் கந்தோர்ச் சம்பளத்தால்தான்.

ஆகவே விடுதியின் 15 கிலோவை நிரந்தரம் என்று எண்ணாதீர்கள். ஐப்பசியில் அது ஐந்தாகலாம், நின்றும் போகலாம். மிச்சம் 30 கிலோ வீட்டுச் சமையலுக்குப் போவது. அதுதான் உங்கள் தொழில்.

இப்போது கணக்குக்கு வருவோம். நீங்கள் கணக்குப் பிரிவு என்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன். கிலோவுக்கு 700 என்றால் மாதம் 31,500 ரூபா. இதில் ஒரு செலவு விடுபட்டிருக்கிறது. செத்தல் மிளகாயில் காம்பு கிள்ளுவது யார்? மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாச்சியில் போட்டு, வெந்தயம் ஒரு நிமிடம் கூடினால் தூளே கசக்கும் என்று அடுப்பை விட்டு நகராமல் நிற்பது யார்? இடித்து வந்ததை ஆறவிட்டு, அரித்து, நிறுத்து, பையில் அடைப்பது யார்? எங்கள் வீட்டிலும் தூள் இடித்திருக்கிறோம். ஐந்து கிலோவுக்கு இரண்டு பேருக்கு ஐந்து மணித்தியாலம் வேண்டும். 45 கிலோவுக்கு ஒன்பது தடவை, ஆளுக்கு ஐந்தாக 90 மணித்தியாலம். எட்டு மணித்தியாலத்துக்கு 2,000 ரூபா என்று குறைவான கூலியே போட்டாலும் 22,500 ரூபா ஆகிறது. மிச்சம் 9,000. நிலாவெளிக்கும் நகரத்துக்கும் மோட்டார் சைக்கிளில் ஓடுகிற பெற்றோலுக்கு மாதம் 2,400 கழித்தால் 6,600.

நீங்கள் லாபம் என்று எழுதிய காசில் பெரும்பகுதி அம்மாவுடையதும் மனைவியுடையதும். அதை அவர்களுக்குக் கையில் கொடுங்கள், அல்லது ஒரு கொப்பியில் அவர்கள் பெயருக்கு எழுதி வையுங்கள். நாளை மனைவிக்குச் சுகமில்லாமல் போய் வேறு ஒருவரைக் கூலிக்கு வைக்க வேண்டி வந்தால், அன்றைக்கும் இந்தத் தூள் 2,200 ரூபாவுக்குக் கட்டுமா? கட்டாது என்றால் விலையையோ வேலைமுறையையோ மாற்றவேண்டும். அதைக் கண்டுபிடிப்பதற்கான காலத்தை உங்கள் சம்பளம் வாங்கித் தருகிறது.

சம்பளக் கணக்கும் முழுதாக இல்லை. 78,000க்கும் நிறுவனம் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் தன் கையில் இருந்து கட்டுகிறது என்றால், மாதம் 11,700 ரூபா. உங்களிடம் வெட்டுகிற 8 வீதம் வேறு. கண்ணுக்குத் தெரியாத இந்த 11,700 மட்டுமே தூளில் உண்மையாக மிஞ்சுகிற 6,600ஐ விடப் பெரிது.

இன்னொன்று. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருசம் நிறைவு செய்தவருக்கு, வருசத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. உங்களுக்கு ஐந்து வருசம் நிறைய இன்னும் ஒன்பது மாதம். இன்று விட்டால் ஒன்றும் இல்லை. அடுத்த வைகாசியில் விட்டால் இதே சம்பளத்துக்கு 1,95,000 ரூபா. நல்ல வேளையாக அந்த ஒன்பது மாதத்துக்குள் ஒரு முழு மாரியும் அடங்குகிறது. அதனால் என் பதில்: வைகாசி வரை விடாதீர்கள். மாமா சொன்னது அக்கறையில் சொன்னது, ஆனால் உங்களுக்கு இப்போது இரண்டு காலும் வேண்டும்.

மேலாளருக்குச் சொல்லுங்கள். முதலில் நியமனக் கடிதத்தை எடுத்து, வேறு தொழில் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். அனுமதி வேண்டும் என்றிருந்தால் எழுத்தில் கேளுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுவது நல்லது, கந்தோருக்குள்ளேயே விற்கிற தூள் எத்தனை நாளைக்கு மறைவாக இருக்கும்? பகலில் ஓடருக்குப் பதில் போடுவதை நாளைக்கே நிறுத்துங்கள். அந்த நேரத்துக்கு அவர்கள் உங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள். "ஓடர்களுக்குப் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு பதில் வரும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள். நல்ல தூள் வேண்டும் என்கிறவர்கள் ஆறு மணி வரை பொறுப்பார்கள்.

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகம் மூலம் பதியுங்கள், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் தேவைப்படும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும் வரை காத்திருக்காமல் நீங்களே போய்ச் சந்தித்து, வீட்டில் என்ன திருத்தவேண்டும் என்று கேளுங்கள். பையில் சேர்ந்த சாமான்கள், நிறை, தயாரித்த திகதி, முடியும் திகதி, முகவரி எல்லாம் இருக்கட்டும். வருமான வரிக்கு இப்போது பயப்படத் தேவையில்லை. 2025 ஏப்ரலில் இருந்து வருசத்துக்கு 18 இலட்சம் வரை விலக்கு. உங்கள் சம்பளத்தையும் தூளையும் கூட்டினாலும் அதற்குக் கீழேதான் நிற்கிறீர்கள்.

மாரிக்குச் செய்யவேண்டியதுதான் அவசரம். ஐப்பசிக்குப் பிறகு மிளகாய் காய்வதில்லை. காய்ந்தது போலத் தெரியும், உடைத்தால் வளையும். அந்த ஈரத்தோடு வறுத்து இடித்தால் தூள் கட்டி பிடிக்கும், பூஞ்சணம் வரும். மிளகாயில் வருகிற ஒருவகைப் பூஞ்சணம் ஈரலைப் பாதிக்கிற நஞ்சைத் தரக்கூடியது, வறுத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. ஆகவே இந்த ஆவணி, புரட்டாதி வெயிலிலேயே மார்கழி வரைக்கும் தேவையான செத்தலையும் மல்லியையும் முழுசாகக் காயவைத்து, காற்றுப் புகாத வாளிகளில் இறுக்கி மூடி வையுங்கள். பிறகு கிழமைக்குக் கிழமை வேண்டிய அளவு மட்டும் எடுத்து வறுத்து இடியுங்கள். உங்கள் கையில் இருக்கிற முதல் இதற்குத்தான் போகவேண்டும். நகரத்தில் மில் இருக்கும்போது உங்களுக்கு இயந்திரம் எதற்கு? கூலி கொடுத்தால் இடித்துத் தருகிறார்கள். 45 கிலோவுக்காக ஒரு இயந்திரம் மாதத்தில் இருபத்தைந்து நாள் சும்மா நிற்கும், அடகு வட்டி ஒரு நாளும் சும்மா நிற்காது. நகை பெட்டிக்குள் இருக்கட்டும்.

கடிதத்தின் கடைசியில் அம்மாவின் இருமலை ஒரே வரியில் எழுதிவிட்டு, மற்றபடி நன்றாகப் போகிறது என்கிறீர்கள். நான் அந்த வரியில்தான் அதிக நேரம் நின்றேன். மாதத்தில் ஒன்பது நாள் மூடிய குசினிக்குள் செத்தல் வறுக்கிற நெடி அது. பக்கத்து வீட்டில் வறுத்தாலே நமக்குத் தொண்டை பிடிக்கிறது, அவர் அடுப்படியிலேயே நிற்கிறார். முதலில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். வறுக்கிற வேலையைக் குசினிக்குள் இருந்து வெளியே எடுங்கள். வளவுக்குள் நாலு தூண் நட்டு, தகரம் போட்டு, மழை அடிக்காமல் வாடைப் பக்கத்தை மட்டும் அடைத்து, மற்ற மூன்று பக்கமும் திறந்த ஒரு கொட்டில் போதும். அடுப்பை அம்மா நின்றபடி வறுக்கிற உயரத்தில் கட்டச் சொல்லுங்கள். நீங்கள் நினைக்கிற இயந்திரத்தை விட மிகக் குறைந்த செலவில் முடியும். மேசன்மாருக்கு மாரிக்கு முன்பு வேலை நெருக்கும், இந்தக் கிழமையே ஒருவரைக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.