கணினி கேள்வி–பதில்: சுருங்கிப்போன பென் டிரைவ்

கேள்வி: பழைய மடிக்கணினி ஒன்றில் உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுவதற்காக அதன் ஐ.எஸ்.ஓ. கோப்பை (நிறுவல் வட்டின் முழு நகலை) என்னுடைய 32 ஜி.பி. பென் டிரைவில் எழுதினேன். நிறுவும் வேலை நல்லபடியாக முடிந்தது. ஆனால் அதே பென் டிரைவை இப்போது விண்டோஸ் கணினியில் செருகினால் சில எம்.பி. இடம் மட்டுமே தெரிகிறது. பலமுறை ஃபார்மட் செய்தும் மாற்றம் இல்லை. இது கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை, இடம் முழுவதும் உள்ளேயே இருக்கிறது. லினக்ஸ் ஐ.எஸ்.ஓ. கோப்பைச் சாதாரணக் கோப்பைப் போல நகலெடுக்காமல், அதற்கான மென்பொருள் கொண்டு எழுதும்போது, அந்தக் கோப்புக்குள் அடங்கியிருக்கும் பார்ட்டிஷன் அட்டவணையும் (வட்டு எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்ற குறிப்பு) சேர்ந்து பென் டிரைவின் தொடக்கத்தில் பதிந்து, முன்பிருந்த அட்டவணையை அழித்துவிடுகிறது. புதிய அட்டவணையில் லினக்ஸுக்கு உரிய பகுதி ஒன்றும், கணினி துவங்குவதற்குத் தேவையான சில எம்.பி. அளவுள்ள இ.எஃப்.ஐ. பகுதி ஒன்றும் இருக்கும். முதல் பகுதியின் அமைப்பை விண்டோஸ் பெரும்பாலும் படித்தறிவதில்லை என்பதால், இரண்டாவது சிறு பகுதியே உங்கள் கண்ணில் படுகிறது.

ஃபார்மட் செய்தும் பயனில்லாமல் போனதற்குக் காரணமும் இதுவே. பாகம் பிரித்த நிலத்தில் தன் துண்டை மட்டும் எத்தனை முறை உழுதாலும் வரப்பு நகராது அல்லவா? ஃபார்மட் என்பது அந்த உழவு. உங்களுக்கு வேண்டியதோ வரப்பை அழிப்பது.

முதலில் பென் டிரைவில் வேண்டிய கோப்பு எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதியில் பென் டிரைவின் பகுதிகளை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கலாம். ஆனால் இ.எஃப்.ஐ. பகுதியை நீக்கும் வசதி அங்கே சில வேளைகளில் மங்கலாகி, சொடுக்க இயலாமல் இருக்கும் என்பதால், டிஸ்க்பார்ட் (diskpart) என்னும் கட்டளைக் கருவியையே நான் பரிந்துரைப்பேன். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, டிஸ்க்பார்ட் எனத் தட்டச்சிட்டு உள்ளே சென்றபின், லிஸ்ட் டிஸ்க் (list disk) என்ற கட்டளையைக் கொடுத்தால் (எல்லாவற்றையும் ஆங்கில எழுத்துகளில்தான் இட வேண்டும்) கணினியுடன் இணைந்துள்ள வட்டுகள் எண்ணுடனும் அளவுடனும் வரிசையாகத் தெரியும்.

இந்த இடத்தில் அவசரம் கூடாது. டிஸ்க்பார்ட் ‘உறுதியாக அழிக்கலாமா’ என்று ஒருமுறைகூடக் கேட்காது. எண் மாறினால் உங்கள் கணினியின் வட்டே காலியாகிவிடும். ஆகவே எண்ணை நினைவிலிருந்து இடாமல், அளவைப் பார்த்து அடையாளம் காணுங்கள். ஐயமிருந்தால் பென் டிரைவைக் கழற்றிவிட்டு மீண்டும் பட்டியலிட்டு, எந்த வரி மறைகிறது என்று பாருங்கள். பிறகு செலக்ட் டிஸ்க் (select disk) என்பதுடன் அந்த எண்ணை இட்டு, இன்னொரு முறை பட்டியலிட்டால் தேர்ந்தெடுத்த வட்டின் அருகே உடுக்குறி (*) தெரியும். அதைக் கண்டபின்பே கிளீன் (clean) என்ற கட்டளையைக் கொடுங்கள். கிளீன் ஆல் (clean all) என்பது வேறு. அது வட்டு முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்பும். நெடுநேரம் பிடிக்கும் அந்த வேலை இங்கே தேவையே இல்லை.

அட்டவணை அழிந்ததும் டிஸ்க் மேனேஜ்மென்டுக்குத் திரும்பி, ஒதுக்கப்படாத இடம் முழுவதிலும் ஒரே பகுதியை உருவாக்கி ஃபார்மட் செய்துவிடலாம். அப்போது தேர்ந்தெடுக்க வேண்டிய கோப்பு அமைப்புகளுள் எக்ஸ்ஃபாட் (exFAT) பெரிய கோப்புகளுக்கு ஏற்றது. ஃபாட்32 (FAT32) அமைப்பில் 4 ஜி.பி.யை எட்டும் ஒற்றைக் கோப்பைச் சேமிக்க முடியாது. ஆயினும் பழைய தொலைக்காட்சிகளும் கார் ஆடியோக்களும் பல நேரங்களில் அதை மட்டுமே படிக்கும் என்பதால், பாட்டு கேட்கத்தான் பென் டிரைவ் என்றால் அதையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: சரிசெய்த பிறகும் 32 ஜி.பி.க்குப் பதிலாக 29.8 ஜி.பி.தான் காட்டுகிறது. மீதி எங்கே?

பதில்: எங்கும் போகவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜி.பி.யை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்; விண்டோஸோ 1,07,37,41,824 பைட்டை ஒரு ஜி.பி. என்கிறது. 3,200 கோடி பைட்டை அந்த எண்ணால் வகுத்தால் 29.8 வரும். இதே கணக்கில் 64 ஜி.பி. என்பது 59.6 ஆகும்.

கேள்வி: மிகக் குறைந்த விலைக்கு வாங்கிய 1 டி.பி. பென் டிரைவில் கோப்புகளின் பெயர்கள் தெரிகின்றன. ஆனால் பல கோப்புகள் திறப்பதில்லை. இதையும் டிஸ்க்பார்ட் கொண்டு மீட்கலாமா?

பதில்: இழந்ததைத்தான் மீட்க முடியும், உங்களிடம் அந்த இடம் முதலிலிருந்தே இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். உள்ளிருந்து பென் டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சில்லைப் பொய்யான அளவைச் சொல்லும்படி மாற்றியமைத்து விற்பது பரவலாக நடக்கும் மோசடி. உண்மையான அளவு நிரம்பிய பின் எழுதுபவை பதிவாகாமல் போகும், அல்லது முன்பு எழுதியவற்றின் மேலேயே பதியும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸில் எஃப்3 (F3) ஆகிய இலவச மென்பொருள்கள் பென் டிரைவை முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்து உண்மை அளவைக் காட்டிவிடும். எஃப்3 தொகுப்பில் அந்த உண்மை அளவுக்குள் மட்டும் பகுதி அமைத்துத் தரும் கருவியும் உண்டு என்றாலும், முக்கியமான கோப்புகளை இத்தகைய பென் டிரைவில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். சோதனை முடிவைத் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) சேமித்து, விற்றவரிடம் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.