நல்ல திசுவைப் பார்த்து நாளைய நோயைச் சொல்ல முடியுமா?

கேள்வி: எனக்கு 38 வயது. மார்பில் இருந்த கட்டியை எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. அம்மாவுக்கு 44 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து, சிகிச்சைக்குப் பின் நலமாக இருக்கிறார். எடுத்த திசுவிலேயே மரபணுவைப் பார்த்து எனக்கும் வருமா என்று சொல்லிவிட முடியாதா?

பதில்: பரம்பரையாக வரும் மாற்றத்தைத் தேட மார்பகத் திசு வேண்டியதில்லை. பி.ஆர்.சி.ஏ. 1, 2 போன்ற மரபணுக்களில் பிறவியிலேயே உள்ள பிழை எல்லா செல்லிலும் இருக்கும். கொஞ்சம் ரத்தமோ எச்சிலோ போதும். இவற்றில் பிழை உள்ள பெண்களில் 100க்கு சுமார் 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது.

முதலில் அம்மாவுக்குப் பரிசோதனை செய்யுங்கள். இந்த வரிசை முக்கியம். அவரிடம் பிழை கண்டுபிடிக்கப்பட்டால், அது உங்களுக்கு வந்திருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. உங்களிடம் அது இல்லை என்று வந்தால் அந்தப் பதிலை நம்பலாம். அம்மாவைச் சோதிக்காமல் உங்களுக்கு மட்டும் பார்த்து ‘இல்லை’ என்று வந்தால், குடும்பத்தில் இருக்கும் பிழை எது என்றே தெரியாது. அப்புறம் எப்படி நிம்மதியாக இருப்பது?

நோயில்லாத திசுவில் மரபணுக்கள் எப்படி இயங்குகின்றன, எவை அணைந்து கிடக்கின்றன என்று பார்க்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. ஆனால் ஒரு பெண்ணின் ஆபத்தை அதை வைத்துச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. மார்பகத்தில் பெரும்பகுதி கொழுப்பும் நார்த்திசுவும்தான். புற்றுநோய் தொடங்கும் பால்குழாய் செல்கள் கொஞ்சமே. ஒரு துண்டில் கொழுப்பு கூடினாலே அளவீடு மாறிவிடும். மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில் இந்த செல்கள் அதிகம் பிரிவதால் அப்போதும் மாறும். எடுத்த திசுவை உடனே உறைய வைக்காவிட்டால், மரபணு இயங்குவதைக் காட்டும் மூலக்கூறான ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். புற்றுக்கட்டிக்குப் பக்கத்தில் எடுத்த ‘நல்ல’ திசுவை ஒப்பிட்டுப் பார்ப்பதிலும் சிக்கல் உண்டு: கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே மாற்றங்கள் தொடங்கியிருக்கலாம்.

உங்கள் திசு இப்போதே சொல்லக்கூடிய சேதி பயாப்ஸி அறிக்கையில் இருக்கிறது. ‘புற்றுநோய் இல்லை’ என்ற வரியோடு நிறுத்தாமல் முழுவதும் படியுங்கள். ‘ஏடிபிகல் ஹைப்பர்பிளேசியா’ (செல்கள் இயல்புக்கு மாறான தோற்றத்தோடு அதிகமாகப் பெருகியிருப்பது) என்றிருந்தால் மார்பகப் புற்றுநோய் வரும் ஆபத்து மற்ற பெண்களைவிட சுமார் 4 மடங்கு. மார்பக நிபுணரிடம் தொடர் கண்காணிப்பும் புற்றுநோய்த் தடுப்பு மாத்திரை பற்றிய பேச்சும் தேவை. ‘ஏடிபியா’, அதாவது அந்த மாறான தோற்றம், இல்லாத ஹைப்பர்பிளேசியா என்றால் ஒன்றரை முதல் இரண்டு மடங்குதான்.

மரபணுவுக்கான ரத்தப் பரிசோதனையில் ‘முக்கியத்துவம் தெரியாத மாற்றம்’ (தீங்கானதா இல்லையா என்று இன்னும் தெரியாதது) என்று வந்தால், அதை மட்டும் நம்பி மார்பை அகற்றச் சம்மதிக்காதீர்கள். இவற்றில் பல பிற்பாடு தீங்கற்றவை என்று வகை மாற்றப்படுகின்றன. அறிக்கையைப் பத்திரமாக வைத்து, ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை அதன் வகை மாறியிருக்கிறதா என்று மரபணு ஆலோசகரிடம் கேளுங்கள்.