ஆசியப் பாத்திரத்தில் வெள்ளையர் நடித்தால் என்ன தவறு? நடிப்புதானே முக்கியம்?

யாரும் யாராகவும் நடிக்கலாம் என்பது எல்லோருக்கும் பொதுவாக இருந்திருந்தால் உங்கள் கேள்வி நியாயம்தான். ஹாலிவுட்டில் அப்படி இருக்கவில்லை.

அன்னா மே வாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1905இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த சீன வம்சாவளி நடிகை. மௌனப் படக் காலத்திலேயே பெயர் வாங்கியவர். சீன விவசாயக் குடும்பத்தைப் பற்றிய 'தி குட் எர்த்' கதையை எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் பட நிறுவனம் படமாக்கியபோது, நாயகி ஓ-லான் வேடத்துக்கு மிகவும் ஆசைப்பட்டார். ஆனால் நாயகனாகப் பால் முனி என்ற வெள்ளை நடிகரைப் போட்டுவிட்டார்கள். வெள்ளை நடிகருக்கு ஆசிய நடிகை ஜோடியாக வருவதை அன்றைய தணிக்கைச் சூழல் ஏற்கவில்லை. கதைப்படி இருவருமே சீனர்கள் என்பதுகூட எடுபடவில்லை! ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னர் ஒப்பனை போட்டு ஓ-லானாக நடித்தார், ஆஸ்கரும் வாங்கினார். அன்னா மே வாங்குக்கு வந்தது குடும்பத்தைக் குலைக்கும் ஆசைநாயகி வேடம். அவர் மறுத்துவிட்டார். மறுத்தது சரி என்றுதான் நான் சொல்வேன்.

அப்புறம் நடந்ததுதான் பெரிய அநியாயம். முக்கிய வேடம் கொடுக்காமல் வைத்துவிட்டு, 'மார்க்கெட் உள்ள ஆசிய நடிகர் இல்லையே' என்று காரணம் சொல்வார்கள். மலேசியாவில் பிறந்த மிஷெல் யோ சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கியது 2023இல். ரெய்னருக்கு 85 ஆண்டுகள் கழித்து.