பாதுகாப்பா, மதமா: எலோன் மோரே வழக்கைப் பாருங்கள்

1967 போரில் கைப்பற்றிய மேற்குக் கரையில் இஸ்ரேல் யூதக் குடியேற்றங்களை அமைத்தது பாதுகாப்புக்காகவா, மதத்துக்காகவா என்று உங்கள் கட்டுரைக்காகக் கேட்கிறீர்கள். இரண்டும் காரணங்கள்தாம், ஆனால் அவை ஒரே நிலத்தை நாடவில்லை. 1967க்குப் பிந்தைய மேற்குக் கரைக் குடியேற்றங்கள் அனைத்துக்கும் ஒரே நோக்கத்தைத் தேடுவதால்தான் உங்கள் கட்டுரை நகராமல் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

இஸ்ரேல் அமைச்சர் யிகால் அல்லோனின் திட்டம், அரபு மக்கள் நெருங்கி வாழும் மலைப்பகுதியைப் பெரும்பாலும் தவிர்த்து, ஜோர்டான் பள்ளத்தாக்கைக் காவல் அரணாக்க முயன்றது. 1974இல் உருவான குஷ் எமூனிம் என்ற மதவாதக் குடியேற்ற இயக்கமோ, விவிலியம் பேசும் அந்த மலைகளையே நாடியது.

எனவே ஒவ்வொரு குடியேற்றத்துக்கும் இடத்தையும், அதைக் கேட்டவர் யார் என்பதையும் சரிபாருங்கள். 1979இல் மேற்குக் கரை நகரான நாப்லுஸ் அருகே எலோன் மோரே என்ற குடியேற்றத்துக்காகப் பாலஸ்தீனரின் தனியார் நிலம் பறிக்கப்பட்டபோது, தலைமைத் தளபதி ரஃபேல் எய்தான் அது பாதுகாப்புத் தேவை என்றார். முன்னாள் தலைமைத் தளபதி ஹைம் பார்லேவ் அதை மறுத்தார். குடியேறிகளோ தங்கள் பிரமாணப் பத்திரத்திலேயே, தாங்கள் வந்தது இறைக்கட்டளையால், அதுவும் நிரந்தரமாகத் தங்க என்று வெளிப்படையாக எழுதினார்கள். இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் அந்த இடத்தைக் காலிசெய்ய உத்தரவிட்டது. அதே ஆண்டு பெய்த் எல் என்ற வேறொரு குடியேற்றத்தின் வழக்கில் பாதுகாப்பு வாதத்தை அது ஏற்றிருந்ததையும் சேர்த்துப் படியுங்கள்.

ஓர் எச்சரிக்கை: அதன்பின் அரசு, பாதுகாப்பைக் காரணம் காட்டித் தனியார் நிலத்தைப் பறிப்பதை விட்டு, நிலத்தை ‘அரசு நிலம்’ என அறிவிக்கும் வழிக்கு மாறியதால், பிற்காலக் குடியேற்றங்களுக்கு இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது. மலிவான வீட்டுக்காகக் குடியேறியவர்களும் பலர். நோக்கம் எதுவானாலும் சட்டநிலை வேறு கேள்வி. 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தில் இக்குடியேற்றங்கள் சட்டவிரோதமானவை என்றது.