17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் பூசானின் 'பொன் கன்றுக்குட்டி' ஓவியம் சிலை வழிபாட்டைக் கண்டிக்கிறது என்றால், ஆடுபவர்கள் ஏன் இவ்வளவு அழகாக இருக்கிறார்கள்?

முதல் முறை இந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது, இஸ்ரவேல் மக்களை வழிநடத்திய மோசேயைக் கண்டுபிடிக்க எனக்குச் சற்று நேரமானது. இடது பக்கம், மலையடிவார இருட்டில், கற்பலகைகளை ஓங்கியபடி ஒரு பொடி உருவம். கூடவே அவருடைய உதவியாளர் யோசுவா. கதைக்கே நாயகன் மோசேதான். ஆனால் கண் முதலில் ஆட்டத்துக்குப் போகிறது, அப்புறம் பீடத்தின்மேல் நிற்கும் கன்றுக்கு, பிறகு வெள்ளை அங்கியில் இருக்கும், மோசேயின் அண்ணன் ஆரோனுக்கு. மோசே கடைசியில்தான் அகப்படுகிறார். அதாவது, பூசான் நம்மையும் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆளாகச் சேர்த்துவிட்டார். அழகு அதற்கான தூண்டில் என்பது என் எண்ணம்.

கதை பைபிளில் யாத்திராகமம் 32ஆம் அதிகாரம். கடவுளின் கட்டளைகளைப் பெற மலைக்குப் போன மோசே திரும்பத் தாமதமாகிறது. மக்கள் நெருக்க, ஆரோன் அவர்களுடைய காதணிகளை வாங்கிக் கன்றுக்குட்டி வார்க்கிறார். (படத்தில் இருப்பது கன்றே இல்லை, நன்றாக வளர்ந்த காளை!)

ஆடுபவர்களைக் கவனியுங்கள். பாலைவனத்தில் அலைந்து களைத்தவர்கள் மாதிரியா இருக்கிறார்கள்? பழைய ரோமானியப் புடைப்புச் சிற்பத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள். இதற்குச் சற்று முன்பு பூசான் வரைந்த மதுக்கடவுள் கொண்டாட்டப் படம் ஒன்றும் இந்தப் படம் இருக்கும் லண்டன் நேஷனல் கேலரியில்தான் உள்ளது. அதில் கைகோத்து ஆடும் கூட்டத்தை, கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி இங்கே கொண்டுவந்திருக்கிறார். அங்கே களியாட்டமாக இருந்தது இங்கே பாவம். கால் வீச்சு மட்டும் மாறவில்லை.

இன்னொன்று. மெழுகில் சிறு பொம்மைகள் செய்து, பெட்டிக்குள் நிறுத்தி, ஒளி விழும் விதத்தைப் பார்த்து வரைவது பூசானின் வழக்கம். இந்தப் படத்துக்கும் அப்படிச் செய்திருந்தால், சிலை செய்தவர்களைக் கண்டிக்க அவரே முதலில் பொம்மை பிடித்திருக்கிறார்!

இதற்கு ஜோடிப் படம் ஒன்று உண்டு: செங்கடலைக் கடந்த காட்சி. இரண்டும் 1633-34 வாக்கில், தூரின் நகரத்து அமதேயோ தல் போட்ஸோவுக்காக வரைந்தவை. கன்றுக்குட்டியை 1945இல் லண்டன் வாங்கியது; ஜோடி 1948இல் மெல்போர்னுக்குப் போனது. அந்த ஜோடிப் படத்தில் மக்கள், தங்களைத் துரத்தி வந்து மூழ்கிய எகிப்தியரின் கவசங்களைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். காப்பாற்றப்பட்ட உடனேயே கண் உலோகத்தின் மேல். இரண்டையும் திரையில் அருகருகே வைத்து, மோசே எங்கே நிற்கிறார் என்று முதலில் தேடிப் பாருங்கள்.