பழைய காரை விற்கச் சொன்னால் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது?

அன்புள்ள மேடம்,

எனக்கு 61 வயது. பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டு கார் ஷெட்டில் 2002இல் வாங்கிய மாருதி 800 நிற்கிறது. வெள்ளை நிறம், ஏசி இல்லாத மாடல். அதை வைத்து வீட்டில் பெரிய சண்டை ஆகிவிட்டது.

அந்தக் காரை வாங்கியது நான்தான். பி.எஃப். லோன் போட்டு, மீதிக்கு ஒரு சீட்டையும் எடுத்து வாங்கினேன். என் கணவருக்கு வண்டி ஆசையே கிடையாது, டிவிஎஸ் 50 போதும் என்பவர். “யாரு ஓட்டுவா?” என்று கேட்டார். “நான்தான்” என்றேன். சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. “பொம்பள காரு ஓட்டுனா ஊருல என்ன சொல்லுவாவ” என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு சந்திப் பிள்ளையார் கோயிலில் பூஜை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியபோது முன்சீட்டில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்ததும் அவர்தான்!

37 வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். எனக்குப் பயமெல்லாம் திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்து ஏற்றம்தான். முன்னால் டவுன் பஸ் நின்றுவிடும், பின்னால் வருகிறவன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பான். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும்போது பிரேக்கை விட வேண்டும். அது கைவந்த அன்று வகுப்பில் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கொடுக்கவில்லை. குற்றாலம், பாபநாசம், அம்மாவுக்கு முடியாமல் போன ராத்திரி ஆஸ்பத்திரி, மகனின் டியூஷன் எல்லாம் அந்தக் காரில்தான்.

2017இல் எஃப்.சி. பார்த்து ஆர்.சி.யைப் புதுப்பித்தேன். 2022இல் அந்தக் கெடுவும் முடிந்தது. ரிட்டயர் ஆனபிறகு பார்க்கலாம் என்று விட்டேன், அப்படியே நின்றுவிட்டது. மகன் குடும்பத்தோடு இங்கேயே வந்து ஒரு ஆட்டோமேட்டிக் கார் வாங்கியிருக்கிறான். அது தெருவில் நிற்கிறது. நியாயமாகப் பார்த்தால் ஷெட் அதற்குத்தான் வேண்டும். எனக்கும் புரிகிறது.

போன மாதம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு புரோக்கரைக் கூட்டி வந்துவிட்டான். அந்த ஆள் பானெட்டைத் தட்டிப் பார்த்து, “யம்மா, இது பேரீச்சம்பழத்துக்குத்தான் ஆவும்” என்றார். எனக்கு என்ன வந்ததோ, இருவரையும் சத்தம் போட்டு வெளியே அனுப்பிவிட்டேன். தெருவே பார்த்தது. என் கணவரும், “ஓடாத வண்டிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா” என்கிறார். “அம்மா எதையும் தூக்கிப் போட விடமாட்டேங்கறா, இது ஒரு வியாதியாம், நெட்டில் போட்டிருக்கிறது” என்று மகன் மருமகளிடம் சொன்னது காதில் விழுந்தது. புது காரை ஒருநாள் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டதற்கு, “உங்களுக்குப் பழக்கமில்லம்மா” என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். அது வேறு விஷயம்.

எனக்கு உண்மையிலேயே ஏதாவது கோளாறா?

இப்படிக்கு,
ஒரு டீச்சர், பாளையங்கோட்டை

*

அன்புள்ள டீச்சர்,

கோளாறு இல்லை. உங்கள் மகன் நெட்டில் பார்த்தது பொருள்களைக் குவித்து வைக்கும் நோயாக இருக்கும். 2013இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அது தனி நோயாக இடம்பெற்றது. பழைய செய்தித்தாள், உடைந்த வாளி, காலி டப்பா என்று மதிப்பே இல்லாதவற்றைக்கூட விட முடியாமல், படுக்கவும் சமைக்கவும் இடமில்லாதபடி வீடு நிரம்பிப் போவது அது. ஷெட்டில் நிற்கும் ஒற்றைக் காரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

சொந்தப் பொருளுக்கு நாம் கூடுதல் மதிப்புப் போடுகிறோம் என்பது வேறு. 1990இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களில் பாதிப் பேருக்கு காபிக் குவளையைக் கையில் கொடுத்து ‘என்ன விலைக்கு விற்பீர்கள்’ என்றும், மற்றவர்களிடம் ‘என்ன விலைக்கு வாங்குவீர்கள்’ என்றும் கேட்டார்கள். சற்று முன் கைக்கு வந்த குவளைக்கே, வாங்குகிறவர்கள் சொன்னதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை கேட்டார்கள் விற்கிறவர்கள். உங்கள் வீட்டிலும் நடப்பது இதுதான் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புரோக்கர் என்ன விலை சொன்னார் என்றுகூட நீங்கள் எழுதவில்லை. ஷெட் புது காருக்குத்தான் வேண்டும் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். விற்பதில் உங்களுக்குப் பாதிச் சம்மதம் ஏற்கெனவே இருக்கிறது.

ஆகவே கோபம் விற்பதன்மேல் இல்லை, கேட்காமல் செய்ததன்மேல்தான். அந்த வீட்டில் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் நீங்களாக முடிவெடுத்து வாங்கியது அந்தக் கார். அதன் கடைசி முடிவை மட்டும் வேறொருவர் எடுத்தால் சுருக்கென்று இருக்காதா? சத்தம் போட்டது அதிகமாக இருக்கலாம். காரணம் சரியானதே.

இதை மகனிடம் நேராகச் சொல்லுங்கள். சண்டைக்கு நடுவே வேண்டாம். அந்தக் காரை அவர் பின்சீட்டிலிருந்து பார்த்த சிறுவன். லோன், சீட்டு, பாட்டியின் ஒரு வார மௌனம் எதுவும் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவருக்கு அது டியூஷனில் இறக்கிவிட்ட வண்டி, அவ்வளவுதான். ஷெட்டிலேயே காரில் உட்காரவைத்துச் சொல்லுங்கள், அவருக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்றும் கேளுங்கள். (கணவரையும் கூப்பிடலாம். சிரித்த ஆளாயிற்றே.)

அப்புறம் காரியத்துக்கு வருவோம். ஆர்.சி. உங்கள் பெயரில் இருப்பதால் படிவம் 29, 30இல் உங்கள் கையெழுத்து இல்லாமல் பெயர் மாற்றம் நடக்காது. பெயர் மாற்றாமல் புரோக்கரிடம் தள்ளிவிட்டால், அந்த வண்டியால் எங்கே என்ன நடந்தாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். இதை மகனுக்கும் சொல்லிவையுங்கள். வைத்துக்கொள்வதென்றால் செலவு உண்டு: 20 ஆண்டு கடந்த காருக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணமே 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய். பசுமை வரி, இன்சூரன்ஸ், பேட்டரி, டயர், எலி கடித்த ஒயர் எல்லாம் தனி. உடைக்கக் கொடுப்பதென்றால் அரசிடம் பதிவு பெற்ற வாகன ஸ்கிராப் மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். எதுவானாலும் தேதியை நீங்கள் குறியுங்கள். போன் பண்ணுவதும் நீங்களாகவே இருங்கள்.

கொடுப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்வது நாம் நினைப்பதைவிடப் பயன் தரும். 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நினைவுப் பொருள்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு தானம் செய்யுங்கள் என்று சொல்லப்பட்ட விடுதி மாணவர்கள் மற்றவர்களைவிட அதிகப் பொருள்களைத் தந்தார்கள். ஞாபகம் படத்தில் பத்திரமாக இருப்பதால், பொருளோடு தங்கள் அடையாளத்தில் ஒரு பகுதியும் போய்விடும் என்ற உணர்வு குறைந்ததே காரணம் என்றார்கள் ஆய்வாளர்கள். காரை முழுதாக எடுப்பதோடு, உங்கள் கை பட்டுத் தேய்ந்த கியர் குமிழ், ஸ்டியரிங், பெடல் இவற்றையும் எடுங்கள்.

இனி, ‘அது வேறு விஷயம்’ என்று நீங்கள் ஒதுக்கிய சாவி விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த வரிதான். 2022க்குப் பிறகு நீங்கள் ஸ்டியரிங் பிடித்ததாகத் தெரியவில்லை. பழைய கார் ஷெட்டில் நிற்கும்வரை நீங்கள் கார் ஓட்டுகிறவர், வண்டிதான் ஓடவில்லை. அது போய்விட்டால், மகன் கொண்டுபோய் விட்டால்தான் உண்டு என்று ஆகிவிடும். ஈரடுக்குப் பாலத்தில் ஹாஃப் கிளட்சில் நின்றவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. காரை விற்றாலும் விற்காவிட்டாலும் இதைத் தீர்த்தாக வேண்டும்.

லைசென்ஸை எடுத்துத் தேதியைப் பாருங்கள். உங்கள் வயதில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், டாக்டரிடம் மருத்துவச் சான்று வாங்க வேண்டும். முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி டெஸ்ட் ஓட்டிக் காட்டச் சொல்வார்கள், அதற்கெல்லாம் நீங்கள் பயப்படுகிறவர் இல்லை. அது கைக்கு வந்தபிறகு, விடுமுறை நாள் விடியற்காலையில் மகனைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துப் புது காரை எடுங்கள். ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் கிடையாது, இடது காலுக்கு வேலையே இல்லை. பழைய பழக்கத்தில் அந்தக் கால் பிரேக்கை மிதித்துவிடப் பார்க்கும், முதல் சில நாள் அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.